போலீசில் சொன்னதற்கு மானநஷ்ட வழக்கு வருமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஈப்போ வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட கேள்வி ஒன்றுதான். போலீசில் ஒருவர் மீது புகார் கொடுக்கிறோம். அவர் பெயரைச் சொல்கிறோம். அவர் செய்ததாக நாம் நம்புவதைச் சொல்கிறோம். அதற்காக அவர் நம்மீது மானநஷ்ட வழக்குப் போட முடியுமா?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். போலீசிடம் சொன்னதற்காக மட்டும் போட்டால் அந்த வழக்கு நிற்காது. நம் நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2012ஆம் ஆண்டிலேயே இதை முடிவு செய்துவிட்டது. இவ்வளவுதான் விஷயம் என்றால் நான் இப்போதே பேச்சை முடித்துக்கொள்ளலாம். ஆனால் "மட்டும்" என்று ஒரு சொல்லைப் போட்டேன் அல்லவா, நம்மவர்கள் மாட்டிக்கொள்வது அந்த இடத்தில்தான்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் இடையே ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டம் விற்கப்பட்டது. லயங்கள் இடிக்கப்பட்டன. அறுபது குடும்பங்கள் மலிவு விலை வீடுகளுக்குப் போயின. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு மேம்பாட்டாளர் இரண்டு லட்சம் வெள்ளி இழப்பீடு கொடுத்தார். மூன்று ஆண்டுகள் ஆகியும் கோயில் எழும்பவில்லை. கணக்கு கேட்டால் பொருளாளர் காட்டுவதில்லை. முப்பது வருடம் பால் வெட்டிய ஒரு பெரியவர், அந்த ஆலயத்தின் உறுப்பினர், பொறுத்துப் பார்த்துவிட்டுப் போலீஸ் நிலையத்துக்குப் போய், "பொருளாளர் பணத்தைக் கையாடிவிட்டார் என்று சந்தேகப்படுகிறேன், விசாரியுங்கள்" என்று புகார் கொடுக்கிறார். இரண்டு வாரத்தில் பதிவுத் தபாலில் ஒரு வக்கீல் நோட்டீஸ் வருகிறது. புகாரை மீட்டுக்கொள்ள வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், ஐந்து லட்சம் வெள்ளி நஷ்டஈடு கொடுக்க வேண்டும், 14 நாள் தவணை!

கதை கற்பனைதான். ஆனாலும் "இது எங்கள் தோட்டத்தில் நடந்ததாயிற்றே" என்று இப்போது சில வீடுகளில் பேச்சு எழுந்திருக்கும். பெரியவர் கையில் இருப்பது ஊழியர் சேமநிதியில் மிஞ்சிய சில ஆயிரம். அவர் என்ன செய்வார்? மகனைக் கூட்டிக்கொண்டு போய்ப் புகாரை மீட்டுக்கொள்ளப் பார்ப்பார். அந்தக் கடிதத்தின் வேலை அதோடு முடிந்தது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.

பேராக் மாநிலத்தில், அதிலும் தோட்டப்புறங்களில், போலீசிடம் பேசுவதற்குப் பயப்படுவது புதிதல்ல. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கம் எல்ஃபில் தோட்டத்திலும் அருகிலும் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது. அந்த நாள்களில் போலீசிடம் தகவல் சொன்னால் காட்டிலிருந்து ஆள் வருவார்கள். சொல்லாவிட்டால் போலீஸ் வரும். இரண்டுக்கும் நடுவில் நம் தாத்தா பாட்டிகள் வாயை மூடிக்கொண்டு வாழப் பழகினார்கள்.

1952 மார்ச் மாதம் தஞ்சோங் மாலிமில் குண்டர்களின் பதுங்கித் தாக்குதலில் 12 பேர் கொல்லப்பட்டபோது, அப்போதைய ஹைகமிஷனர் ஜெரால்ட் டெம்ப்ளர் நேரில் வந்து ஊருக்கே தண்டனை விதித்தார். நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு. அரிசிப் பங்கீடும் குறைக்கப்பட்டது. ஊரே சேர்ந்து பட்ட அந்தத் தண்டனையை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் செய்த இன்னொரு காரியம் இன்றைய தலைப்புக்குப் பொருத்தமானது. வீடு வீடாக ஒரு தாள் கொடுக்கப்பட்டது. பெயர் எழுத வேண்டாம், தெரிந்ததை எழுதுங்கள் என்றார்கள். தாள்களை முத்திரையிட்ட பெட்டிகளில் போட்டு, ஊர்ப் பிரதிநிதிகளின் கண் முன்னாலேயே கோலாலம்பூரில் டெம்ப்ளர் திறந்தார். அவ்வளவு கடுமையான மனிதருக்கும் ஒன்று புரிந்திருந்தது. சொல்கிறவனுக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று அவன் நம்பாதவரை எந்தத் தகவலும் வராது.

இன்று காட்டிலிருந்து யாரும் வருவதில்லை. பயம் பதிவுத் தபாலில் வருகிறது.

நீதிமன்றம் சொன்னது என்ன?

மானநஷ்ட வழக்குக்கு நம்மிடம் 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் இருக்கிறது. ஆனால் போலீஸ் புகாரைப் பற்றி அதில் நேரடியாக ஒன்றும் எழுதியிருக்காது. சட்டத்தில் எழுதாத இடத்தில் ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தைப் பார்ப்பது நம் நீதிமன்றங்களின் வழக்கம். 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 3ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது.

பொதுச் சட்டத்தில் இரண்டு விதமான பாதுகாப்பு உண்டு. ஒன்று முழுப் பாதுகாப்பு. சொன்னது தவறாக இருந்தாலும், வன்மத்தோடு சொன்னதாக இருந்தாலும் மானநஷ்ட வழக்குப் போட முடியாது. நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவருக்கும், நாடாளுமன்றத்தில் பேசும் உறுப்பினருக்கும் இருப்பது இது. மற்றொன்று நிபந்தனையுள்ள பாதுகாப்பு. சொல்ல வேண்டிய கடமையோ உரிமையோ உள்ளவர், கேட்க வேண்டிய பொறுப்புள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு சொன்னால் தப்பலாம். வன்மம் இருந்தது என்று எதிர்த் தரப்பு நிரூபித்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

போலீஸ் புகார் இந்த இரண்டில் எதில் சேரும்? இதில்தான் பல காலம் குழப்பம். இந்தியாவில் உயர் நீதிமன்றங்களே ஒன்றுக்கொன்று வேறுபட்டன. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 1959இல் நிபந்தனையுள்ள பாதுகாப்புதான் என்றது. இங்கிலாந்தில் 1998ஆம் ஆண்டு பிரபுக்கள் சபை, குற்றப் புலனாய்வின்போது அதிகாரிகளிடம் சொல்லப்படுவதற்கு முழுப் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. புலனாய்வு தொடங்குவதற்கு முன் கொடுக்கும் முதல் புகாருக்கும் அது உண்டா என்ற கேள்வி 2008இல் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. ஒரு மருமகள், தன்னையும் தன் குழந்தையையும் மாமனார் தாக்கியதாகப் போலீசில் வாயால் சொன்னார், பிறகு எழுதியும் கொடுத்தார். போலீஸ் மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. மாமனார் மானநஷ்ட வழக்குப் போட்டார். வாயால் சொன்னதற்கும் எழுதிக் கொடுத்ததற்கும், இரண்டுக்குமே முழுப் பாதுகாப்பு உண்டு என்று சொல்லி அந்த வழக்கை நீதிமன்றம் ஏற்கவில்லை. விசாரணை என்ற வண்டி ஓடத் தொடங்குவதே அந்த முதல் சொல்லால்தான். அந்தச் சொல்லையே தண்டித்தால் வண்டி எப்படி ஓடும்?

நம் நாட்டில் 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முழுப் பாதுகாப்பு என்று சொன்னது. அடுத்த ஆண்டு கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வழக்கறிஞரிடம் போகும்போது, 2013ஆம் ஆண்டு மலாயன் லா ஜர்னல் முதல் தொகுதி 145ஆம் பக்கம் என்று சொன்னால் போதும், அவர் எடுத்துவிடுவார். வழக்குப் பயம் இல்லாமல் மக்கள் போலீசுக்குத் தகவல் கொடுக்க முடிவது பொது நன்மை. சில புகார்கள் வன்மத்தில் பிறந்தவையாக இருக்கலாம். ஆனாலும் அந்தப் பொது நன்மையே பெரிது என்பதுதான் தீர்ப்பின் சாரம். பொய்ப் புகார் கொடுப்பவனைப் பிடிக்கக் குற்றவியல் சட்டம் இருக்கிறது என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

குடும்ப வன்முறை விஷயத்தில் சட்டமே முந்திக்கொண்டது என்பது பலருக்குத் தெரியாது. 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, நல்லெண்ணத்தோடு தகவல் கொடுப்பவர் மீது அவதூறுப் பொறுப்பு சுமத்த முடியாது என்று எழுதியே வைத்திருக்கிறது. மலிவு விலை அடுக்குமாடியில் சுவர் மெல்லிசு. பக்கத்து வீட்டில் ஒரு பெண் அடி வாங்கும் சத்தம் கேட்கிறது. "நமக்கேன் வம்பு, நாளைக்கு அவன் கேஸ் போட்டால்?" என்று தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டி வைக்கிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். உங்களுக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை.

வாசலுக்கு வெளியே

இப்போது அந்த "மட்டும்" என்ற சொல்லுக்கு வருகிறேன். ஈப்போவாசிகளுக்கு ஒரு பழைய சம்பவத்தை நினைவுபடுத்தினால் எளிதாக விளங்கும்.

டி.ஆர். சீனிவாசகம் அவர்களை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஈப்போவின் நாடாளுமன்ற உறுப்பினர், வழக்கறிஞர், மக்கள் முற்போக்குக் கட்சியைக் கட்டியவர்களில் ஒருவர். நகர மத்தியில் உள்ள பூங்கா இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. 1960களில் கல்வி அமைச்சராக இருந்த அப்துல் ரஹ்மான் தாலிப் மீது அவர் நாடாளுமன்றத்தில் ஊழல் குற்றச்சாட்டுகளைச் சொன்னார். மன்றத்துக்குள் உறுப்பினர் பேசுவதற்கு அரசியலமைப்பின் 63ஆம் பிரிவு பாதுகாப்புக் கொடுக்கிறது. அங்கே சொன்னதற்கு வழக்குப் போட முடியாது. "தைரியம் இருந்தால் வெளியே வந்து சொல்" என்று சவால் வந்தது. சீனிவாசகம் வெளியே வந்து அதையே சொன்னார். அமைச்சர் வழக்குப் போட்டார்.

அதே மனிதர், அதே வார்த்தைகள். மாறியது இடம் மட்டும்தான். உள்ளே இருந்த பாதுகாப்பு வெளியே இல்லை. வெளியே அவரைக் காப்பாற்றியது, தாம் சொன்னது உண்மை என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க முடிந்ததுதான். அமைச்சர் வழக்கில் தோற்றார், மேல்முறையீட்டிலும் தோற்றார், பதவியும் போயிற்று. ஆனால் சீனிவாசகம் சட்டம் கரைத்துக் குடித்தவர். கையில் ஆதாரம் வைத்துக்கொண்டுதான் வாசலைத் தாண்டினார். நாம் எத்தனை பேர் அப்படித் தாண்டுகிறோம்?

நம் ஊரில் போலீஸ் புகார் என்பது ஒரு சடங்கு போல ஆகிவிட்டது. குற்றத்தைத் தெரிவிக்கப் போகிறோமா, கோபத்தைக் காட்டப் போகிறோமா என்று தெரிவதில்லை. இருபது பேர் வேனில் வருவார்கள். ஒருவர் உள்ளே போய்ப் புகார் எழுதுவார். வெளியே வந்ததும் நிலையத்தின் பெயர்ப் பலகை பின்னால் தெரியும்படி வரிசையாக நின்று, புகார் நகலை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். நிருபர்கள் கேட்பார்கள். உள்ளே "சந்தேகப்படுகிறேன்" என்று எழுதிய வாய், வெளியே "திருடிவிட்டான்" என்று சொல்லும். அன்று இரவு அந்த நகல் வாட்ஸ்அப்பில் சிங்கப்பூர் வரைக்கும் போய்விடும்.

நேயர்களே, பாதுகாப்பு அந்தக் காகிதத்துக்கு அல்ல. அதைப் போலீசிடம் கொடுத்த செயலுக்குத்தான். அதே காகிதத்தைப் பத்திரிகையிடம் கொடுப்பது தனிச் செயல். குழுவில் அனுப்புவது தனிச் செயல். கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது தனிச் செயல். ஒவ்வொன்றும் புதிய வெளியீடு. ஒவ்வொன்றுக்கும் நீங்கள் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். "நான் போலீசில் சொன்னதைத்தானே சொன்னேன்" என்பது அங்கே பதிலாகாது. மற்றவர் அனுப்பியதை முன்னனுப்பியவருக்கும் இதே கதிதான்.

பத்திரிகைக்காரர்கள் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. பகிரங்க நீதிமன்றத்தில் நடந்ததை உடனுக்குடன், நேர்மையாக, பிழையின்றி வெளியிடும் பத்திரிகைக்கு அவதூறுச் சட்டமே பாதுகாப்புத் தருகிறது. போலீஸ் புகாரில் எழுதியிருப்பதை வெளியிடுவது அந்த வகையில் சேராது. புகார் என்பது ஒரு தரப்பின் பேச்சு. யாரும் அதைக் குறுக்கு விசாரணை செய்யவில்லை.

கடிதம் எழுதுகிறவர்கள் செய்யும் ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். போலீஸ் தலைவருக்கு எழுதும் கடிதத்தின் அடியில் "சலினான் கெப்பாடா" என்று போட்டு, மந்திரி பெசார், சட்டமன்ற உறுப்பினர், கட்சித் தலைவர், மூன்று பத்திரிகை என்று பத்துப் பேருக்கு நகல் அனுப்புவார்கள். போலீசுக்குப் போன பிரதிக்கு முழுப் பாதுகாப்பு. சங்கப் பதிவிலாகாவுக்கோ தொழிலாளர் இலாகாவுக்கோ, அவர்கள் கவனிக்க வேண்டிய விஷயமாக இருந்தால், நிபந்தனையுள்ள பாதுகாப்புக் கிடைக்கலாம். சம்பந்தமே இல்லாத ஒருவருக்குப் போன பிரதிக்கு உண்மையைத் தவிர வேறு துணை இருக்காது. அந்தப் பத்து முகவரிகளில் ஒன்று போதும் வழக்குப் போட.

வழக்கு என்றால் எவ்வளவு பெரியதாக முடியும் என்பதற்கு 1994ஆம் ஆண்டு ஞாபகம் வரும். தொழிலதிபர் வின்சென்ட் டான் தொடுத்த வழக்கில், பத்திரிகையாளர் எம்.ஜி.ஜி. பிள்ளை உள்ளிட்டவர்கள் மீது மொத்தம் 1 கோடி வெள்ளிக்குத் தீர்ப்பானது. 2000ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. அதன் பிறகு இப்படிப்பட்ட பெருந்தொகைகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டித்து, தொகைகள் இறங்கின. ஆனாலும் வக்கீல் கடிதங்களில் எழுதப்படும் எண்கள் மட்டும் இறங்கியதாகத் தெரியவில்லை.

பழி சுமத்தப்பட்டவர் எங்கே போவார்?

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து கேட்கலாம். "ஐயா, அந்தப் பொருளாளர் உண்மையிலேயே நல்லவராக இருந்தால்? பழைய பகையில் அந்தப் பெரியவர் வேண்டுமென்றே பொய் எழுதியிருந்தால்? அவருக்கு என்ன நீதி?"

நியாயமான கேள்வி. இதற்கு இனிப்பான பதில் கிடையாது. சிறிய ஊரில் ஒருவரைப் போலீஸ் கூப்பிட்டது என்றாலே அவர் பெண்ணுக்கு வரன் தள்ளிப் போகும். கடைசியில் "நடவடிக்கை இல்லை" என்று கோப்பை மூடினாலும் ஊர் வாயை யார் மூடுவது? அவர் மானநஷ்ட வழக்குப் போட முடியாது என்பது அவருக்கு ஓர் இழப்புதான்.

ஆனால் அவர் கையறு நிலையில் இல்லை. பொய் என்று தெரிந்தே அரசு ஊழியருக்குத் தகவல் கொடுத்தால் தண்டனைச் சட்டம் 182ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். ஒருவருக்குக் கெடுதல் செய்யும் எண்ணத்தில், நியாயமான காரணம் இல்லை என்று தெரிந்தே குற்றம் சுமத்தினால் 211ஆம் பிரிவு. அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை. சுமத்திய குற்றம் ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரியதாக இருந்தால் ஏழு ஆண்டு வரைக்கும் போகலாம். இவை எழுத்தில் இருந்தால் போதுமா, போலீசும் அரசுத் தரப்பும் பொய்ப் புகார்க்காரர்களை நீதிமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டாமா என்றால், வேண்டும்தான். கொண்டுவந்தால்தான் முழுப் பாதுகாப்பு என்ற ஏற்பாட்டுக்கே மரியாதை இருக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. பொய்ப் புகாரின் பேரில் ஒருவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, பிறகு விடுதலையானால், வன்மத்தோடு வழக்குத் தொடுக்கச் செய்ததற்காக நஷ்டஈடு கேட்கலாம். சாதாரணமாக, வழக்குத் தொடுத்தது அரசுதானே, புகார் கொடுத்தவர் அல்லவே என்ற தடை இதில் வரும். ஆனால் உண்மை என்ன என்பது புகார்தாரருக்கு மட்டுமே தெரிந்த விஷயமாக இருந்து, அவர் பொய் சொல்லிப் போலீசை இழுத்துவிட்டிருந்தால், அவரையே வழக்குத் தொடுத்தவராகக் கருதலாம் என்று 1995இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நிரூபிப்பது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன்.

இதையெல்லாம் தராசில் போட்டுப் பார்த்தால், 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பு சரி என்பதே என் அபிப்பிராயம். வக்கீல் வைக்கும் வசதி உள்ளவனுக்கு வேறு நான்கு வழிகள் உண்டு. அந்தப் பெரியவருக்கோ, அடி வாங்கும் பெண்ணுக்கோ, வட்டிக்காரன் வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போன குடும்பத்துக்கோ போலீஸ் நிலையத்து மேசை ஒன்றுதான் உண்டு. வழக்குப் பயத்தைக் காட்டி அதையும் மூடினால் அவர்கள் யாரிடம் போவார்கள்?

புகார் கொடுக்கும்போது

நம்மவர்கள் பலர், குறிப்பாகத் தோட்டத்தில் வளர்ந்த மூத்தவர்கள், தமிழில் நினைத்து, உடைந்த மலாயில் சொல்கிறார்கள். எதிரே இருக்கும் போலீஸ்காரர் அவருக்குப் புரிந்ததைத் தட்டச்சு செய்கிறார். "கணக்குக் காட்டவில்லை" என்று சொன்னது காகிதத்தில் "திருடினார்" என்று ஆகிவிடக்கூடும். மானநஷ்டம் வராது என்றாலும், பிறகு நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்போது, "அன்று ஒன்று சொன்னீர், இன்று ஒன்று சொல்கிறீர்" என்று மடக்குவார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஆம் பிரிவின்படி, வாயால் சொன்ன புகாரை எழுதிப் புகார்தாரருக்குப் படித்துக் காட்ட வேண்டும். பிறகு விசாரணை அதிகாரி வாக்குமூலம் வாங்கினால், 112ஆம் பிரிவின்படி, நீங்கள் பேசிய மொழியிலேயே அதைப் படித்துக் காட்டி, திருத்தம் செய்ய வாய்ப்புக் கொடுத்து, அதன் பிறகுதான் கையெழுத்தோ கைரேகையோ வாங்க வேண்டும். "தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்பது அதிகப்பிரசங்கம் அல்ல, உங்கள் உரிமை. கூடவே மலாய் நன்றாகத் தெரிந்த பிள்ளை ஒன்றை அழைத்துப் போவது இன்னும் நல்லது.

கண்ணால் கண்டதைக் கண்டேன் என்று சொல்லுங்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டேன் என்று சொல்லுங்கள். சந்தேகத்தைச் சந்தேகம் என்றே சொல்லுங்கள். 182ஆம் பிரிவு பிடிப்பது பொய் என்று தெரிந்து சொன்னவனை. நம்பிச் சொன்னது பிறகு தவறாகிப் போனவரை அல்ல.

"புகார் கொடுத்து மூன்று மாதமாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை, அதனால்தான் பத்திரிகைக்குப் போனோம்" என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு 107ஏ பிரிவைச் சொல்வேன். கைது ஆணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்தால், புகார் கொடுத்து நான்கு வாரம் கழிந்த பிறகு, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்து மூலம் கேட்கலாம். விசாரணைக்குப் பாதகமானது நீங்கலாக, இரண்டு வாரத்துக்குள் பதில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அரசு வழக்குத் தொடுநர் அலுவலகத்துக்கு முறையிடலாம். பத்திரிகைக்கு ஓடுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை எழுதிப் பாருங்கள். செலவு ஒரு தபால் தலைதான்.

கடைசியாக, வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டவர்களுக்கு. நோட்டீஸ் என்பது வழக்கு அல்ல, ஒரு தரப்பின் கடிதம். கோபத்தில் நீங்களே பதில் எழுதாதீர்கள். எழுதி நகலை நான்கு பேருக்கு அனுப்பினால் அதுவே புதிய வழக்காகும். புகாரை மீட்டுக்கொள்கிறேன் என்று பயந்து ஓடவும் வேண்டாம். புகார் நகலையும் நோட்டீசையும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஆனால் நீதிமன்ற முத்திரையோடு சம்மன் வந்தால் அது வேறு. அதை விளக்குமாடத்தில் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிடக் கூடாது. தீபகற்ப மலேசியாவில் சம்மன் கையில் கிடைத்ததிலிருந்து 14 நாளுக்குள் நீதிமன்றத்தில் ஆஜர்க் குறிப்பைப் பதிவு செய்ய வேண்டும். தவறினால் எதிர்த் தரப்பு உங்கள் முகத்தையே பார்க்காமல் தீர்ப்பு வாங்கிவிடலாம். அப்புறம் 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பு உங்கள் பக்கம் இருந்தும் அதைச் சொல்ல ஆள் இருக்காது. ஆஜராகி, வழக்கு முழுவதும் போலீஸ் புகாரை மட்டுமே நம்பி நிற்கிறது என்றால், 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 18ஆம் கட்டளை 19ஆம் விதிப்படி அதைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யும்படி உங்கள் வழக்கறிஞர் விண்ணப்பிக்கலாம். அப்படி விண்ணப்பிக்கும்போது அவர் உங்களிடம் முதலில் கேட்கப்போகும் கேள்வி, "இந்தப் புகாரைப் போலீசைத் தவிர வேறு யாரிடமாவது காட்டினீர்களா?" என்பதுதான்.